பின்மூலைக்குப் பிந்திப் போன கால்கள்: ஒற்றையர் பேட்மிண்டன் வீராங்கனை ஒருவரின் முன்கணிப்புப் பயிற்சி

என்னிடம் வந்தபோது அவளுக்கு 16 வயது. ஒற்றையர் ஆட்டம், வலது கை. முந்தைய பயிற்சியாளர் சொல்லி அனுப்பியது ஒரே ஒரு குறைதான்: கால் வேகம் போதாது. ஆட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பின்மூலைக்குப் போகும் ஷட்டில் உடம்பைத் தாண்டிய பிறகே எட்டிப் பிடிப்பாள். நெட்டையொட்டி மெதுவாக விழவைக்கும் டிராப் வந்தால், ஷட்டில் நெட்டின் விளிம்பைவிட வெகுவாகக் கீழே இறங்கிய பிறகுதான் ராக்கெட் அங்கே போய்ச் சேரும். அங்கிருந்து தூக்கிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தூக்கினால் அடுத்தது எதிராளியின் ஸ்மாஷ், மேலிருந்து கீழே ஓங்கி அடிக்கும் அடி.

நானும் அந்தக் குறையை அப்படியே நம்பினேன். இரண்டு மாதம் ஏணிப் பயிற்சி, ஆறு மூலை ஷேடோ (ஷட்டில் இல்லாமல் களத்தின் ஆறு இடங்களுக்கும் ஓடித் திரும்புவது), கயிறு குதித்தல். குழுவில் ஷேடோ ஓட்டத்தில் அவள்தான் முதலாவதாக வந்தாள். ஆட்டத்தில் மட்டும் எதுவும் மாறவில்லை. ஷட்டில் இல்லாமல் ஓடும்போது மற்றவர்களைவிட வேகமானவள், ஷட்டில் வந்தவுடன் எப்படிப் பிந்துகிறாள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதில் அவளுடைய இரண்டு மாதம் போனது.

பிறகு ஒருநாள் அவளுடைய பயிற்சி ஆட்டத்தை நொடிக்கு 60 சட்டகம் (ஃப்ரேம்) எடுக்கும் சாதாரணக் கைபேசியில் படம்பிடித்து, சட்டகம் சட்டகமாக ஓட்டினேன். எதிராளியின் ராக்கெட் ஷட்டிலைத் தொடும் சட்டகம் எது, இவள் ஸ்பிலிட் ஸ்டெப்பில், அதாவது ஓடுவதற்கு முன் போடும் சிறு துள்ளலில், இறங்கும் சட்டகம் எது என்று மட்டும் குறித்தேன். நன்றாக ஆடுபவர்கள் எதிராளி தொடுவதற்குச் சற்று முன்பே எழும்பி, தொடும் நேரத்தை ஒட்டி இறங்குவார்கள். இறங்கும்போதே ஒரு கால் போகவேண்டிய பக்கத்துக்குத் திரும்பியிருக்கும். இவள் ஷட்டில் கிளம்பியதைப் பார்த்த பிறகே எழும்பினாள். இறங்கும்போது இரண்டு பாதமும் நேராக, சமமாக, எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தன. ஆனால் முதல் அடி வைத்ததிலிருந்து ஷட்டிலை எட்டும் வரை அவளைப்போல வேகமாகப் போனவர் அந்தக் களத்தில் இல்லை. தாமதம் முழுவதும் முதல் அடிக்கு முன்னால் இருந்தது.

கண்ணில் கோளாறோ என்று பார்வைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். பார்வை சரியாக இருந்தது. திரையில் மின்னும் புள்ளிகளைத் தொடும் கண் பயிற்சிச் செயலி ஒன்றை அவள் தினமும் செய்துவந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். விளையாட்டு ஆய்வாளர்கள் புரூஸ் அபெர்னெத்தியும் வுட்டும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் இதே கேள்வியைச் சோதித்திருக்கிறார்கள். பொதுவான கண் பயிற்சித் திட்டங்களைச் செய்தவர்கள், அவற்றைச் செய்யாத ஒப்பீட்டுக் குழுக்களைவிட ஆட்டத்துக்குத் தேவையான திறனில் எந்த வகையிலும் முந்தவில்லை. நம் பிள்ளைகள் நாளும் கால்மணி நேரத்தை இதில் கொட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஏன் முன்னாலேயே தெரிய வேண்டும்

ஒற்றையர் களத்தில் ஒரு பக்கத்தின் நீளம் 6.70 மீட்டர், அகலம் 5.18 மீட்டர். நான்கு மூலைக்கும் பொதுவாக நடுவில் நிற்கிறோம். ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்றால்கூட மனிதருக்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். நான்கில் எது என்று தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இன்னும் கூடும். அதன் பிறகுதான் உடம்பு நகரத் தொடங்கும். மறுபக்கம், ஷட்டில் ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் வேகம் எந்தப் பந்தாட்டத்திலும் இல்லாத அளவு. 2023-இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் ஸ்மாஷ் ஒரு சோதனையில் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று பதிவானது. இறகுகள் காற்றைத் தடுப்பதால் அந்த வேகம் நெட்டைத் தாண்டுவதற்குள் வெகுவாகக் குறைந்துவிடும் என்பது உண்மைதான். குறைந்த பிறகும், கிளம்பியதைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு நேரம் மிஞ்சுவதில்லை. ஆகவே ஷட்டில் எங்கே வரும் என்பதில் ஒரு பகுதியை அது கிளம்பும் முன்பே எதிராளியின் உடம்பிலிருந்து எடுத்தாக வேண்டும்.

அபெர்னெத்தியும் ரஸ்ஸலும் 1987-இல் இதைப் பேட்மிண்டனிலேயே காட்டினார்கள். அடிக்கும் படத்தை ஷட்டிலைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் வெவ்வேறு கணங்களில் வெட்டி, எங்கே விழும் என்று பார்ப்பவரிடம் கேட்டார்கள். இன்னொரு சோதனையில் படத்தில் ஒவ்வொரு பகுதியாக மறைத்தார்கள். தொடக்க நிலையினர் ராக்கெட்டிலிருந்து மட்டுமே தகவல் எடுத்தார்கள். தேர்ந்தவர்கள் ராக்கெட்டோடு அதைப் பிடித்திருக்கும் கையிலிருந்தும் எடுத்தார்கள். கை ராக்கெட்டுக்கு முன்னால் நகர்கிறது, ஆகவே அவர்களுக்கு முன்னதாகவே தெரிந்துவிடுகிறது. பின்னாளில் 2007-இல் அபெர்னெத்தியும் ஜாவியும் உடம்பை எடுத்துவிட்டு மூட்டுகளின் இடத்தில் வெறும் ஒளிப்புள்ளிகளை மட்டும் காட்டியபோதும் தேர்ந்தவர்களின் மேன்மை நிலைத்தது. அவர்கள் பிடிப்பது அசைவின் ஒழுங்கை. உடையோ முகமோ அதற்குத் தேவைப்படவில்லை.

எளிய சோதனை

இந்த முறையையே வீட்டுச் சாமான்களோடு செய்தோம். அவள் வழக்கமாக நிற்கும் நடு இடத்துக்கு நேர் பின்னால், அவள் கண் உயரத்தில் கைபேசியை நிறுத்தி, நெட்டுக்கு அப்பால் ஐந்து பேர் பின்களத்திலிருந்து கிளியரும் (உயரமாகப் பின்கோட்டுக்குப் போகும் அடி) டிராப்பும் இரு மூலைகளுக்கும் அடிப்பதைப் பதிவுசெய்தோம். ஒவ்வொன்றையும் நான்கு இடங்களில் வெட்டினேன்: தொடுவதற்கு 10 சட்டகம் முன், 5 சட்டகம் முன், தொடும் சட்டகம், தொட்டு 5 சட்டகம் பின். ஐந்து சட்டகம் என்பது ஏறத்தாழ 83 மில்லிநொடி. படம் கறுத்ததும் அவள் தாளில் குறிக்க வேண்டும்: நீளமா, குட்டையா, இடமா, வலமா. இரண்டையும் சேர்த்தால் நான்கு விடை இருப்பதால் குருட்டாம்போக்கில் குறித்தாலும் நான்கில் ஒன்று சரியாகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டோம்.

தொட்டு 5 சட்டகம் ஓடிய துண்டுகளில் அவள் ஏறக்குறையப் பிழையே செய்யவில்லை. தொடும் சட்டகத்தில் வெட்டியவற்றில் குருட்டாம்போக்கைவிடச் சிறிதே மேல். அதற்கு முந்தையவற்றில் வெறும் ஊகம். அதே துண்டுகளைக் குழுவில் மூத்த ஆட்டக்காரர் ஒருவருக்குப் போட்டேன். தொடும் சட்டகத்தில் அவர் நிதானமாகக் குறித்தார், 5 சட்டகம் முன்பு வெட்டியதிலும் நீளத்தைவிடத் திசையை நன்றாகச் சொன்னார்.

அடுத்து, தொட்ட பிறகும் ஓடும் துண்டுகளில் கறுப்புக் கட்டம் ஒன்றை வைத்து ஒருமுறை ராக்கெட்டையும் ஒருமுறை கையையும் மறைத்தேன். ராக்கெட்டை மறைத்தபோது அவள் தடுமாறினாள். கையை மறைத்தபோது எந்த மாற்றமும் இல்லை. கை அவளுக்கு இருந்தும் இல்லாததுதான். விழியசைவைப் பதியும் கருவி எதுவும் எங்களிடம் இல்லை. இந்த ஒரு கறுப்புக் கட்டமே எனக்குத் தேவையானதைச் சொல்லிவிட்டது.

முதல் சுற்றும் அதன் தோல்வியும்

ஜெர்மனியைச் சேர்ந்த ஹேகமானும் உடன் ஆய்ந்தவர்களும் 2006-இல் செய்த பேட்மிண்டன் ஆய்வு எனக்கு வழிகாட்டியது. படத்தின் மேல் ஒரு சிவப்புத் திட்டு நகரும். முதலில் எதிராளியின் உடற்பகுதியில், பிறகு கையில், கடைசியில் ராக்கெட்டில் என்று, எந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டுமோ அங்கே கண்ணை அழைத்துப் போகும். அந்தப் பயிற்சியில் தொடக்க நிலையினர் முன்னேறினார்கள். நானும் படத்தொகுப்புச் செயலியில் சிவப்பு வட்டம் ஒன்றை ஓட்டி அதேபோலச் செய்தேன். வாரம் மூன்று நாள், பயிற்சிக்கு முன் கால்மணி நேரம்.

இதுவரை சரி. ஆனால் ஆர்வத்தில் நான் விதிகளையும் சேர்த்துவிட்டேன். முழங்கை முன்னால் வந்தால் இது, தோள் முன்பே திறந்தால் அது, மணிக்கட்டு தளர்ந்திருந்தால் டிராப் என்று ஒரு பட்டியல். அவள் அதை மனப்பாடம் செய்தாள். திரை முன்னால் மதிப்பெண் நன்றாக ஏறியது. நான் மகிழ்ந்துபோனேன்.

ஐந்தாவது வாரம் ஒரு போட்டி. முதல் சுற்றிலேயே, முன்பு வென்றிருந்த எதிராளியிடம் தோற்றாள். முந்தைய ஆட்டத்தைவிடவும் பிந்தினாள். முடிந்து வெளியே வந்தவளிடம் என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். "சார், நான் ஆடலை. அவங்களைப் படிச்சிட்டே நின்னுட்டேன்" என்றாள். அந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டின் அட்டையில் எழுதிவைத்திருக்கிறேன்.

இதற்கும் முன்னோடி இருக்கிறது. ஸ்மீட்டன் குழு 2005-இல் டென்னிஸில் மூன்று வழிகளை ஒப்பிட்டது: விதிகளை நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது, வழிகாட்டிக் கண்டுபிடிக்க விடுவது, தானாகக் கண்டுபிடிக்க விடுவது. மூன்று குழுவும் முன்னேறின. பதற்றம் ஏற்றியபோது விதிகளைக் கேட்டுக் கற்றவர்கள்தான் பின்வாங்கினார்கள். இதைப் படித்திருந்தும் நான் பட்டியல் போட்டேன். கற்பிப்பவருக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற அரிப்பு அடங்குவது கடினம்.

வேறு கேள்வி

பட்டியலைக் கிழித்தோம். இரண்டு வாரம் படத்துண்டே இல்லை. பிறகு ஃபாரோவும் அபெர்னெத்தியும் 2002-இல் டென்னிஸ் சர்வீஸுக்குச் செய்த தந்திரத்தை எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு குழுவிடம் பந்து எங்கே விழும் என்று கேட்கவே இல்லை. எவ்வளவு வேகத்தில் வரும் என்று மட்டும் மதிப்பிடச் சொன்னார்கள். விதி எதுவும் சொல்லப்படாமலே அந்தக் குழுவின் திசைக் கணிப்பு மேம்பட்டது.

நான் அவளிடம் கேட்ட கேள்வியும் அதுவே: இந்த அடி எவ்வளவு பலமாகக் கிளம்பும்? ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு எண், படம் கறுத்த உடனே, வாய்விட்டு. யோசித்தால் அந்தத் துண்டு கணக்கில் இல்லை. சொன்னபின் முழு அடியும் ஓடும். சரி, தப்பு என்று நான் எதுவும் சொல்லமாட்டேன். பலத்தை மதிப்பிட வேண்டுமானால் தோளும் முழங்கையும் முறுக்கும் சேர்ந்து கண்ணில் பட்டாக வேண்டும். அவள் அதைப் பார்க்கிறாள் என்று அவளுக்கே தெரிய வேண்டியதில்லை.

களத்திலும் இதைக் கொண்டுவந்தோம். துணை ஆட்டக்காரர் பின்களத்திலிருந்து விருப்பப்படி கிளியரோ டிராப்போ அடிப்பார். இவள் திரும்ப அடிக்க வேண்டாம். ஸ்பிலிட் ஸ்டெப், முதல் அடி, அவ்வளவுதான். பிறகு நடு இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஷட்டிலை அடிக்கும் வேலை இல்லாதபோது தப்பான பக்கம் அடிவைக்கும் பயம் போய்விடுகிறது. அந்தப் பயம்தான் அவளை ஷட்டில் கிளம்பும் வரை நிறுத்திவைத்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். தப்பு நூறு செய்தாள். மூன்றாவது வாரம் அவளுடைய இறக்கம் எதிராளி தொடும் சட்டகத்தை நெருங்கியிருந்தது. அதைப் பற்றி ஒரு சொல்கூட நான் சொல்லியிருக்கவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பது கண்ணுக்குப் பிடிபட்டதும் எப்போது எழும்ப வேண்டும் என்பது காலுக்குத் தானாக வந்தது.

முன்னதாகத் தெரிந்தவளுக்கு வந்த புதுச் சிக்கல்

இந்த ஆய்வில் நான் மிகுதியாகக் கற்றது இங்கேதான். நன்றாகப் படிக்கத் தொடங்கியவள், ஏமாற்றுக்குப் பலியாகத் தொடங்கினாள்.

முன்பு அவளை ஏமாற்ற முடியாது. ஷட்டில் கிளம்பும் வரை நகராதவளை எதைக் காட்டி ஏமாற்றுவது? இப்போது டிராப்புக்கான கையைக் கண்டதும் முன்னால் பாய்ந்தாள். எதிராளி அந்தக் கையையே காட்டி, ஒரு கணம் நிறுத்தி, கடைசியில் மணிக்கட்டால் பின்மூலைக்கு ஃபிளிக் செய்தால், திரும்பி ஓடவும் முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். தைவான் வீராங்கனை தாய் சூ-யிங் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உலகின் தலைசிறந்த வீராங்கனைகள்கூட அவர் முன்னால் தவறான பக்கம் கிளம்பினார்கள். முன்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களாயிற்றே, அதனால்தான் அவர்களை ஏமாற்ற முடிந்தது.

இதற்கு நாங்கள் மூன்று வேலை செய்தோம். முதலாவது, சாய்வதையும் அடிவைப்பதையும் பிரித்தோம். கையிலிருந்து கிடைக்கும் முதல் செய்திக்கு உடம்பின் எடை மட்டும் ஒரு காலுக்கு மாறலாம். பாதம் தரையைவிட்டு எழக் கூடாது. ராக்கெட் தொடும் கணத்தின் செய்தி வந்தபின்தான் அடி. சொல்ல எளிது, செய்ய ஒன்றரை மாதம் ஆனது. பிழையான பக்கம் சாய்ந்தவரால் மீள முடியும், பிழையான பக்கம் அடிவைத்தவரால் முடியாது என்பதை அவள் உடம்பால் உணர வேண்டியிருந்தது.

இரண்டாவது, அவளுக்கே ஏமாற்றக் கற்றுக்கொடுத்தேன். பிடித்துநிறுத்தி ஃபிளிக், சீவிய டிராப் (ஷட்டிலைச் சாய்வாக உரசி அடிப்பது), கிளியர் கையோடு வரும் டிராப். ஒரு அடியைத் தன் உடம்பில் செய்யத் தெரிந்தவர் அதைப் பிறர் உடம்பில் அடையாளம் காண்பது எளிது என்பது பயிற்சியாளர்கள் பலரின் அனுபவம். 2010-இல் ரைட் குழு பேட்மிண்டன் படத்துண்டுகளைக் காட்டி மூளையைப் படமெடுத்த ஆய்விலும், பிறர் செயலைக் கவனிக்கும்போது வேலைசெய்யும் பகுதிகள் தேர்ந்தவர்களிடம் கூடுதலாக இயங்கின. அவள் ஃபிளிக்கை நன்றாக அடிக்கத் தொடங்கிய வாரத்திலேயே எதிராளியின் ஃபிளிக்குக்குக் காத்திருக்கத் தொடங்கினாள். இது தற்செயலாகவும் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

மூன்றாவது, கையசைவுக்கும் முந்தைய செய்தி. ஷட்டிலுக்குப் பிந்திப் பின்கைப் பக்க மூலையில் மாட்டிக்கொண்ட எதிராளிக்கு எத்தனை அடி மிச்சம்? ஒன்றோ இரண்டோ. அங்கே ஏமாற்றுவதற்கு அவருக்கு நேரமே இல்லை, துணிந்து முன்னேறலாம். ஷட்டிலுக்குக் கீழே வசதியாக வந்து நிற்பவரிடம் எல்லா அடியும் இருக்கிறது, அங்கே காத்திரு. ஸ்குவாஷில் 2001-இல் வந்த ஆய்வொன்றில், ராக்கெட் பந்தைத் தொடுவதற்கு 600 மில்லிநொடிக்கும் மேல் முன்னதாகவே கண்ணை மறைத்தபோதும் தேர்ந்தவர்கள் ஊகத்தைவிட நன்றாகச் சொன்னார்கள். அப்போது அடிக்கும் அசைவே தொடங்கியிருக்காது. ஆட்டத்தின் நிலைமையை வைத்தே சொல்லியிருக்கிறார்கள். இதற்குப் படத்துண்டு போதாது. முழு ராலியையும் ஓடவிட்டு நடுவில் நிறுத்தி, இவரால் இப்போது எதை அடிக்க முடியாது என்று கேட்டேன். எதை அடிப்பார் என்று கேட்டால் பிள்ளைகள் மூளையைக் கசக்குகிறார்கள். எதை முடியாது என்று கேட்டால் பட்டென்று சொல்கிறார்கள்.

ஏழு மாதம் கழித்து

பழைய சோதனையையே, அவள் பார்த்திராத புது ஆட்டக்காரர்களின் துண்டுகளோடு நடத்தினேன். தொடும் சட்டகத்தில் வெட்டியவற்றில் பெரும்பாலானவற்றைச் சரியாகக் குறித்தாள். 5 சட்டகம் முன்பு வெட்டியதில் முன்னேற்றம் உண்டு, அந்த அளவு இல்லை. கறுப்புக் கட்டத்தால் கையை மறைத்தபோது இந்த முறை தடுமாறினாள், அதைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சி மதிப்பெண்ணைப் பார்த்து அடைந்ததைவிடப் பெரிது. ஆட்டத்தில் டிராப்பை நெட்டின் விளிம்பருகே, உயரத்திலேயே எடுக்கிறாள். அதனால் தூக்கிக் கொடுக்காமல் நெட்டிலேயே திருப்பி வைக்க முடிகிறது. பின்மூலையில் மட்டும் இன்னும் அவ்வப்போது பிந்துகிறாள்.

இது ஒரே ஒருத்தியைப் பற்றிய பதிவு. ஒப்பிட இன்னொருவர் இல்லை. ஏழு மாதத்தில் அவள் வளர்ந்தாள், போட்டிகள் ஆடினாள், முதலில் செய்த கால் பயிற்சியும் உள்ளே வேலைசெய்திருக்கும். துண்டுகளை வெட்டியவனும் மதிப்பெண் போட்டவனும் நானே. வேறொருவர் வெட்டித் தந்து வேறொருவர் திருத்துவதுதான் முறை, அடுத்த பிள்ளைக்கு அப்படித்தான் செய்யப்போகிறேன்.

இடதுகை ஆட்டக்காரர்களிடம் மட்டும் அவள் இன்னும் பழைய இடத்தில் நிற்கிறாள். அடிகளைப் பார்த்துத் திசையைக் கணிப்பது இடதுகைக்காரரிடம் கடினம் என்று ஹேகமான் 2009-இல் டென்னிஸில் காட்டியிருக்கிறார். நாம் பார்த்துப் பழகியவர்களில் பெரும்பாலோர் வலதுகைக்காரர்கள் என்பது இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இருக்கிற துண்டுகளையே இடம் வலமாகத் திருப்பிப் போட்டு இடதுகைத் துண்டுகளாக்கினேன். முதல் நாளே, "சார், ஸ்கோர் பலகையில எண்ணு திரும்பியிருக்கு" என்று சிரித்தாள். பலகையை வெட்டிவிட்டுத் தொடர்ந்தோம். கிளியருக்கும் நேரான டிராப்புக்கும் அது போதுமானதாக இருந்தது. சீவிய டிராப்புக்கு அது ஆகாது. இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே போக்கில் அடுக்கப்பட்டிருப்பதால் ஷட்டில் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுழலும். வலது கையின் சீவலில் அது நடந்துகொள்ளும் விதமும் இடது கையின் சீவலில் நடந்துகொள்ளும் விதமும் கண்ணாடிப் பிம்பங்கள் இல்லை. ஆகவே உண்மையான இடதுகைக்காரர் இருவரைச் சென்ற வாரம் படம்பிடித்தோம். அவர்களுடைய சீவிய டிராப்புகளை இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறேன்.